வெயில் ஒத்துக்கொள்ளாத முகம்

முகத்துக்குத் தயிர் தடவுவதாக இருந்தால் புளித்த தயிர் கூடாது, டாக்டரம்மா. காலையில் உறைந்த தயிராக இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்து வந்த தோலில் புளிப்புப் பட்டால் காந்தும். கடலைமாவையும் தேய்த்துக் கழுவக் கூடாது. ஊறவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

என் மனைவி இளவேனிலை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இவங்க முகத்துக்கு இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னு கேட்டீர்கள். கதவை நீங்களே எழுந்துபோய்ச் சாத்தினீர்கள். அப்போதே உங்களுக்குப் பாதி தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அவளுடைய அண்ணன் பூவரசனும் வெளியேதான் இருக்கிறார். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

என் பெயர் ரத்தினவேல். திருவானைக்காவலில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். முறையாக ஃபார்மசி படித்தவன். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் மெடிக்கலுக்குத்தான் வருவார்கள். டாக்டர் அப்புறம்தான். சித்திரை பிறந்துவிட்டால் போதும், "தம்பி, வெயில்ல முகம் கருத்துப்போச்சு, நல்ல ஆயின்மென்ட்டா ஒண்ணு குடு"ன்னு ஆள் மாற்றி ஆள் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பது எந்த ஆயின்மென்ட் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கரப்பான், தோல் அரிப்புக்குக் கொஞ்ச நாள் போட வேண்டிய ஸ்டீராய்டு மருந்து. முகத்தில் போட்டால் ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிடும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதை நீங்கள் தினமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள்.

நான் அதைச் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுத்ததில்லை. ரெங்கம்மாள் என்று ஒரு அம்மா, மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று வந்து கெஞ்சினார். "அக்கா, அது முகத்துக்குப் போடுற மருந்தே இல்ல. தோலு மெலிஞ்சு போயிடும். அப்புறம் புள்ள வெளியில தல காட்ட முடியாது. விட்டா எரியும், அதனால விடவும் முடியாது"ன்னு கடையில் நாலு பேர் நிற்கும்போதே சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொண்டுதான் போனார். மறுபடி வந்தபோது, நல்லவேளை தம்பி நீ கொடுக்கவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைச் சொன்ன வாய்தான் இது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். கல்யாணமான புதிதில் இளவேனில் கவர்ன்மென்ட் வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆனால் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு புத்தகமும் கையுமாக இருப்பாள். கூட்டம் இல்லாதபோது அவளிடம் நான் கேள்வி கேட்பேன். இரண்டு பேருக்கும் ஒரே ஃபிளாஸ்க்கில் டீ. சும்மா சொல்லக் கூடாது, அந்த நாட்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பாஸ் பண்ண வேண்டும் என்று உச்சிப் பிள்ளையார் மலை ஏறி வேண்டிக்கொண்டவனும் நான்தான். அதிலும் பொய் கிடையாது.

பாஸ் பண்ணினாள். தோட்டக்கலைத் துறையில் முசிறிப் பக்கம் போஸ்டிங். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றேன். காவிரிக் கரை வாழைத் தோட்டம் எல்லாம் அவள் பொறுப்பு. முசிறியில் ஒரு ஸ்கூட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஊர் ஊராகத் தோட்டத்துக்குள் போவாள். வாடல் நோய் வந்த கன்று எது, எதைப் பிடுங்கிப் போட வேண்டும், எதைக் காப்பாற்றலாம் என்று வரப்பில் நின்று சொல்ல வேண்டும். அவளுக்கு அது சாப்பாட்டைவிட முக்கியம்.

முதல் கோடையில் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். துப்பட்டா கட்டியிருந்த இடம் ஒரு நிறம், கண்ணைச் சுற்றி ஒரு நிறம். "சிரிக்கிறீங்களா? கடைக்காரரே, ஃபேனுக்குக் கீழ உக்காந்து யாவாரம் பண்ற உங்களுக்கு என்ன தெரியும்? வாங்க, வந்து பண்டுவம் பாருங்க"ன்னு முகத்தைக் கழுவிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கோடை முழுக்க அவள் முகத்துக்கு நான்தான் பொறுப்பு. தயிர், வெள்ளரிச் சாறு, கற்றாழை. நான் தடவிவிடுவேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். ஒரு விவசாயி இவளைப் பார்த்து, சின்னப் புள்ளையா இருக்கே, உனக்கு வாழையைப் பத்தி என்னம்மா தெரியும் என்று கேட்டதும், அதே ஆள் மறுவாரம் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்து நின்றதும் எல்லாம் அந்த நேரத்தில் கேட்டதுதான்.

மழை வந்தது. கறுப்பு தானாகப் போனது. தயிரும் நின்றது, அந்தப் பேச்சும் நின்றது. அவள் என்னைவிட்டு விலகினாள் என்று சொல்ல மாட்டேன். வேலை கூடிப் போயிற்று, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தாலும் போன் அடிக்கும். "மேடம், இலை பழுக்குது, ஒரு நடை வந்து பாக்குறீங்களா"ன்னு யாராவது கேட்பார்கள். சாப்பிட்ட கையோடு பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். கடைக்கு வருவதே இல்லை. ஒருநாள் முசிறியிலிருந்து மருந்து வாங்க வந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க மேடம் வூட்டுக்காரர்தானுங்களே"ன்னு கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆமாம் என்று சிரித்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் சொந்தக் கடையில், என் பெயர் போட்ட போர்டுக்குக் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகாதே என்று நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கை நீட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. அவளைப் பற்றித் தப்பாக நினைத்ததும் இல்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்த வருஷம் கத்திரி வெயில் தொடங்குகிற சமயத்தில் பூவரசனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். இளவேனில் கண்ணாடி முன்னால் நின்று, "ஏங்க, போட்டோல எல்லாம் நான் மட்டும் அட்டக் கருப்பா தெரியப்போறேன். வெயில்ல போன முகத்துக்குச் சட்டுனு கேக்குற மாதிரி உங்க கடையில ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டாள். நான் அவளுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ரெங்கம்மாளுக்குச் சொன்னதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணம் வரைக்கும்தானே என்று நினைத்தேன். ட்யூபில் கொடுத்தால் பெயரைப் படித்துவிடுவாள் என்பதால், அந்த ஸ்டீராய்டு மருந்தைச் சாதாரண கிரீமில் கலந்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மறைத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கல்யாணத்தில் அவளைப் பார்த்து அசராதவர்கள் இல்லை. "எங்க வீட்டுலயே டாக்டர் இருக்காருல்ல"ன்னு என் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னாள். கல்யாணம் முடிந்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அந்த வாரமே ஒருநாள் உச்சி வெயிலில் எனக்குப் போன். "முகமெல்லாம் நெருப்பா எரியுதுங்க. வண்டி ஓட்ட முடியல"ன்னாள். பாதியில் திரும்பி வந்துவிட்டாள். கன்னம் ரத்தச் சிவப்பு. ஜன்னலைச் சாத்தி, நனைத்த துணியை முகத்தில் போட்டுப் படுக்க வைத்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அவள் போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. வேலைக்குப் போன நாளிலிருந்து ஒரு மதியம்கூட அவள் வீட்டில் இருந்ததில்லை. அவள் எரிச்சலில் துடித்துக்கொண்டிருந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எழுந்ததும், என்னங்க ஆச்சு எனக்கு என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, உனக்கு வெயில் ஒத்துக்கல. சில பேரு தோலு அப்படி. நல்லவேள, கிரீம் இருக்கு"ன்னு மறுபடி அதையே தடவினேன். உடனே அடங்கியது. எரிய வைத்ததும் அதுதான், அடக்குவதும் அதுதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தடவாவிட்டால் எரிகிறது, தடவினால் அடங்குகிறது, அப்படியானால் இதுதான் மருந்து என்று நம்பினாள். மெடிக்கல்காரன் பொண்டாட்டி, வேறு யாரைப் போய்க் கேட்பாள்?

தொப்பி போட்டுப் பார்த்தாள். சன் ஸ்கிரீன் வாங்கிப் பூசிப் பார்த்தாள். விடியற்காலையில் கிளம்பிப் பார்த்தாள். நான் ஒன்றையும் தடுக்கவில்லை, தொப்பியை நானே வாங்கிக் கொடுத்தேன். கிரீமை மட்டும் விடாமல் தடவினேன். கன்னத்தில் நரம்பு தெரிய ஆரம்பித்தது, பரு கிளம்பியது, தாடையில் முடி முளைத்தது. கடைசியில் நீண்ட லீவு போட்டாள். படுத்தபடியே விவசாயிகளுக்குப் போனில் வழி சொல்வாள். போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்ப்பாள். "போட்டோல தண்டு உள்பக்கம் தெரியலையே, நேர்ல பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிருவேனே"ன்னு போனை வைத்துவிட்டு அழுவாள். நான் கண்ணைத் துடைத்துவிடுவேன். சாயங்கால நேரமெல்லாம் மறுபடி எனக்கே வந்துவிட்டது.

அவளோடு வேலை பார்க்கிற தேவதர்ஷினி என்கிற பெண் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். நான் காபி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, "எனக்கென்னமோ சரியாப் படலக்கா. கொஞ்ச நாள் எதையும் தொடாம விட்டுத்தான் பாருங்களேன்"ன்னு சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போனதும் இளவேனில் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. இனிமே எந்தக் கிரீமும் வேணாம். கத்தாழ மட்டும் போட்டுப் பாக்குறேன்." சரி என்று சொல்லிவிட்டேன். டப்பாவை அவள் கண் முன்னாலேயே குப்பையில் போட்டேன்.

சும்மா இல்லை, டாக்டரம்மா, அந்த நாட்களை அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாண்டினாள். முகம் வீங்கி, கண் இடுங்கிப் போயிற்று. தண்ணீர் பட்டாலே கத்துவாள். ஆனால் மறுபடி கிரீம் கேட்கவே இல்லை. அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து நான்தான் கற்றாழை வாங்கி வருவேன். மடலைச் சீவி, மஞ்சள் பால் வடிய நிறுத்தி வைத்து, கழுவி, சோற்றை வழித்து அடித்து, ஒரு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பேன். வெறும் கற்றாழைதான். அந்த நாட்களில் அது வெறும் கற்றாழைதான், சத்தியமாக.

முகம் தேற ஆரம்பித்தது. சிவப்பு இறங்கியது. ஒரு காலையில் என்னிடம் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் நின்றிருக்கிறாள். தடதடவென்று படி இறங்கி வந்து, "என்னங்க, எரியலைங்க! தொட்டுப் பாருங்க, கொஞ்சங்கூட எரியல"ன்னு என் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குழந்தை மாதிரி சிரித்தாள். லீவு முடிவதற்கு முன்னாலேயே சேர்ந்துவிடப் போவதாக ஆபீசுக்குப் போன் செய்தாள். ரொம்ப சந்தோஷம்மா என்று நானும் சொன்னேன். அன்றைக்குக் கடையிலிருந்து வரும்போது அந்த ட்யூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது கற்றாழையில் கலந்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அவள் ஈரத்தலையோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை என் பக்கம் தூக்கிக் காட்டினாள். நான் தடவினேன். அன்றைக்கும், அதற்கு அப்புறமும். இடையிடையே ஒருசில நாள் வெறும் கற்றாழையை வைப்பேன், எரியட்டும் என்று. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வெளியே அவள் மடியில் வைத்துக்கொண்டிருக்கிற பாட்டிலிலும் அந்த மருந்து இருக்கிறது.

வேலைக்குச் சேர்வதற்காக பஸ் ஏறியவள் பாதி வழியில் இறங்கி, முகத்தை மூடிக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அப்போது என் தோளில் சாய்ந்துகொண்டு ஒன்று சொன்னாள். "என்னை மன்னிச்சிருங்க. உங்க கிரீமாலதான்னு உங்கள சந்தேகப்பட்டுட்டேன். உங்க வாய்ல ஒரு வார்த்த வரலையே. நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு வெயிலே ஒத்துக்கல." என் காலைத் தொட்டாள், டாக்டரம்மா. என் பொண்டாட்டி என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாள். நான் அவள் தலையில் கையை வைத்து, பரவாயில்லம்மா என்றேன். இதுவரை சொன்னதை எல்லாம் எப்படியோ சொல்லிவிட்டேன். இதைச் சொல்லத்தான் நாக்கு வரவில்லை. செத்துப் போகலாம் போல இருக்கிறது.

இங்கே வருவதற்கும் நான் நாள் கடத்தினேன். இன்றைக்குப் பூவரசன் காரோடு வந்து நின்றுவிட்டார், வேறு வழியில்லாமல் கிளம்பினேன். வரும் வழியில் கொள்ளிடம் பாலத்தில் அவள் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "இந்த டாக்டரே முடியாதுன்னுட்டா வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இருந்துடறேன்ணே. இவரும் எவ்வளவுதான் பாப்பாரு." லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. இனி லீவு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். போனால் இப்போது போக வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

நீங்கள் இப்போது சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். மருந்தை நிறுத்தி, நீங்கள் சொல்கிறபடி பார்த்துக்கொண்டால் தோல் திரும்பிவிடும், அதுவரை ஆபீசுக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கச் சொல்லி நீங்களே எழுதித் தருவீர்கள், அவள் வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை என்றீர்கள். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்றும் கேட்டீர்கள்.

நானே சொல்கிறேன். அவள் என் முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன். பூவரசன் அடித்தாலும் சரி, போலீசுக்குப் போனாலும் சரி. எனக்கு அது வேண்டியதுதான். அவளை உள்ளே கூப்பிடுங்கள்.

கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று, டாக்டரம்மா. தோல் திரும்பிவிடும் என்பதை இன்றைக்கே அவளிடம் சொல்ல வேண்டாம். இனிமேல் அவளுக்கு வெயிலே ஆகாது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவாள். இதை எனக்காகக் கேட்கவில்லை. நான் சொன்னதைக் கேட்ட பிறகு அவளுக்கு மனசு உடைந்துபோயிருக்கும் இல்லையா, அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?